நீலச் சீழ்

1934ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் நியூடிகேட் கவிதைப் பரிசு எட்வர்ட் லோபரி என்ற மாணவருக்குக் கிடைத்தது. ஆஸ்கர் வைல்டு மாணவராக இருந்தபோது வாங்கிய அதே பரிசுதான். லோபரியின் கவிதைக்குத் தலைப்பு 'தீ'. பிறகு அவர் மருத்துவரானார். பரிசு வாங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1949இல், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனையில் இருந்த தீக்காயப் பிரிவில் நுண்ணுயிரியல் ஆய்வாளராகச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை, முப்பது ஆண்டுகள், அங்கேயே இருந்தார். கவிதையையும் விடவில்லை. தொகுப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் தீ சம்பந்தமாக அவர் எழுதியதில் உலகம் இன்றும் எடுத்துப் பார்ப்பது 'லான்செட்' போன்ற மருத்துவ இதழ்களில் வந்த, அலங்காரமே இல்லாத, எண்ணிக்கைகள் நிறைந்த கட்டுரைகளைத்தான்.

அந்த ஒரு பிரிவின் கதையைச் சொல்ல ஆசை. ஆண்டிபயாடிக் வரலாற்றை நாம் வழக்கமாகக் கண்டுபிடிப்புகளின் வரலாறாகத்தான் படிக்கிறோம். ஃபிளெமிங்கின் ஜன்னலோரத்தில் பூஞ்சணம் பிடித்த தட்டு, போர்க்களத்தில் பென்சிலின், நோபல் பரிசு. எல்லாம் ஆரம்பங்கள். அந்த மருந்துகள் எப்படி முடிந்துபோயின என்பதைப் பார்க்க வேண்டுமானால் தீக்காய வார்டுக்குத்தான் போக வேண்டும். புதிதாக வரும் ஒவ்வொரு மருந்தும் அங்கே சீக்கிரம் ஜெயிக்கும், சீக்கிரம் தோற்கும்.

காரணம் தோல். தீயில் வெந்த தோல் செத்த தசை. ஈரம், உடம்புச் சூடு, புரதம் மூன்றும் சேர்ந்த இடம். கிருமிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. அந்த இடத்தில் இரத்த ஓட்டம் நின்றுவிடுவதால் ஊசி வழியாகவோ வாய் வழியாகவோ கொடுக்கும் மருந்து அங்கே போய்ச் சேருவதில்லை. இரத்தத்தில் வரும் வெள்ளணுக்களுக்கும் இதே கதிதான். போதாக்குறைக்குப் பெரிய தீக்காயம் உடம்பின் மொத்த எதிர்ப்புச் சக்தியையும் குலைத்துவிடும். அறுவைச் சிகிச்சைக் காயம் சில நாளில் மூடிக்கொள்ளும். தீக்காயம் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். கட்டுப் பிரிப்பது, கழுவுவது, மறுபடி கட்டுவது என்று தினம் தினம் கைகள் வந்து போகும். இப்படி நாலைந்து பேர் ஒரே வார்டில் படுத்திருந்தால், அத்தனை பேருக்கும் ஒரே மருந்து போய்க்கொண்டிருந்தால், கிருமிகளுக்கு அது பள்ளிக்கூடம் மாதிரி.

முதல் சில நாள் தாக்குப்பிடித்த நோயாளிகள் அதற்குப் பிறகு பெரும்பாலும் தீயினால் சாகவில்லை, கிருமியினால்தான் செத்தார்கள். இன்றைக்கும் பெரிய அளவில் அது மாறிவிடவில்லை.

*

பர்மிங்ஹாம் பிரிவைத் தொடங்கியவர் லியனார்ட் கோல்புரூக். 1883இல் பிறந்தவர். லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் ஃபிளெமிங்கோடு ஒரே ஆய்வகத்தில் வேலை செய்தவர். முப்பதுகளில் அவரை ஆட்டிவைத்த பிரச்சினை தீக்காயம் இல்லை, பிரசவ ஜன்னி. குழந்தை பெற்ற ஆரோக்கியமான பெண்கள் சில நாட்களில் காய்ச்சல் கண்டு இறந்துபோவார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி காரணம் என்று தெரியும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் சண்டை. கோல்புரூக்கின் தங்கை டோரா கோல்புரூக்கும் நுண்ணுயிரியலாளர். அந்தக் கிருமிகளை வகை பிரித்துப் பார்த்து, அவை பெரும்பாலும் பிரசவம் பார்க்க வந்தவர்களின் தொண்டையிலிருந்தும் மூக்கிலிருந்தும்தான் வந்தன என்று 1935இல் காட்டினார். அதாவது, காப்பாற்ற வந்தவர்களே கொண்டுவந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு கோல்புரூக், ஜெர்மனியில் கண்டுபிடித்திருந்த புரோன்டோசில் என்ற சிவப்புச் சாய மருந்தைப் பிரசவ ஜன்னிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். 38 பெண்களில் 3 பேர்தான் இறந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத எண்ணிக்கை. சல்ஃபா மருந்துகளின் யுகம் இங்கிலாந்தில் அங்கேதான் தொடங்கியது என்று சொல்லலாம். அண்ணன் கண்டுபிடித்த மருந்து வழியை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. தங்கை கண்டுபிடித்தது முகமூடியும் கை கழுவுவதும் சம்பந்தப்பட்ட சலிப்பான சங்கதி. அதனால் அவர் பெயரை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு என்னவோ, பின்னால் பர்மிங்ஹாமில் நடந்ததற்கெல்லாம் விதை டோராவின் வேலையில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் கோல்புரூக் ராணுவத்தோடு பிரான்சுக்குப் போனார். திரும்பி வந்தவர் தீக்காயத்தின் பக்கம் திரும்பினார். முதலில் கிளாஸ்கோ. அங்கே டாம் கிப்சன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் பீட்டர் மெடவார் என்ற இளம் விலங்கியலாளரும் கூட இருந்தார்கள். அண்ணன் தம்பி தோலாக இருந்தாலும் இன்னொருவர் உடம்பு அதை ஏன் ஏற்பதில்லை, இரண்டாவது முறை ஒட்டும்போது ஏன் இன்னும் வேகமாகத் தள்ளிவிடுகிறது என்று அவர்கள் பார்த்தது அங்கேதான். பிற்பாடு மெடவாருக்கு நோபல் பரிசு வரை கொண்டுபோன கேள்வி அது. அது வேறு கதை. 1943இல் கோல்புரூக் பர்மிங்ஹாமுக்கு வந்துவிட்டார்.

வந்ததும் அவர் கண்ட விஷயம் இதுதான். நோயாளி வார்டுக்குள் வரும்போது காயத்தில் அநேகமாக ஆபத்தான கிருமி எதுவும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால் இருக்கிறது. பிரசவ வார்டில் தங்கை பார்த்த அதே கதை. கட்டைப் பிரிக்கும்போது காய்ந்த சீழும் தோல் துகளும் காற்றில் பறக்கின்றன. கம்பளிப் போர்வையை உதறினால் பறக்கின்றன. அடுத்த நோயாளியின் திறந்த காயத்தில் போய் இறங்குகின்றன. அதனால் கோல்புரூக்கும் போர்டிலன் என்பவரும் சேர்ந்து கட்டு மாற்றுவதற்கென்றே தனி அறை ஒன்றை வடிவமைத்தார்கள். வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளுவார்கள். உள்ளே அழுத்தம் கூடுதல், அதனால் வெளிக்காற்று நுழையாது. தாதிகள் முகமூடி போட்டு, காயத்தைக் கையால் தொடாமல் இடுக்கியால் மட்டுமே தொட்டு வேலை செய்வார்கள். 1946இல் இதைப் பற்றி எழுதினார்கள். கூடவே பென்சிலின் களிம்பும் வந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒடுங்கியது. ஒட்டிய தோல் உதிராமல் பிடிக்க ஆரம்பித்தது.

காலியான இடம் சும்மா இருக்குமா?

*

லோபரி வந்து சேர்ந்த நேரம் இதுதான். அவருடைய முழுப்பெயர் எட்வர்ட் ஜோசப் லிஸ்டர் லோபரி. அப்பா ஒரு டாக்டர். அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் பெயரை மகனுக்குச் சூட்டியிருந்தார். பெயர் வைத்ததற்கு ஏற்ற வேலைக்கே பையன் போனான்.

பென்சிலினுக்கு அசராத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஏற்கெனவே வார்டில் குடியேறியிருந்தது. ஆனால் லோபரியை அதிகம் தொல்லை செய்தது இன்னொரு கிருமி. கட்டைப் பிரித்தால் நீலப்பச்சை நிறத்தில் சீழ், திராட்சை மாதிரி ஒரு இனிப்பு வாடை. பழைய மருத்துவர்கள் அதை 'நீலச் சீழ்' என்றே அழைத்தார்கள். அந்தக் கிருமிக்கு அன்று இருந்த பெயரின் அர்த்தமும் அதுதான். இன்று நாம் சூடோமோனஸ் என்கிறோம். ஈரம் இருந்தால் போதும், எங்கும் வாழும். குழாய், கழுவும் தொட்டி, பூச்சாடித் தண்ணீர். காய்ச்சி வடித்த நீரில்கூட வாழும். பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. 1951இல் லோபரி ஒரு சங்கதியை எழுதினார்: மருத்துவமனையில் காயம் கழுவப் பயன்படும் செட்ரிமைட் என்ற கிருமிநாசினிக் கரைசலுக்குள்ளேயே சூடோமோனஸ் உயிரோடு இருந்தது. கிருமியைக் கொல்ல வைத்திருந்த புட்டியில் கிருமி.

அதே ஆண்டில் லோபரியும் சக மருத்துவர்களும் பாலிமிக்சின் என்ற மருந்தைக் களிம்பாக்கிப் பூசி, சூடோமோனஸ் வெறுமனே வந்து ஒட்டிக்கொள்ளும் கிருமி அல்ல, தோல் ஒட்டைக் கெடுத்து ஆளையும் கொல்லக்கூடியது என்று நிறுவினார்கள். இந்தப் பாலிமிக்சினை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

ஐம்பதுகள், அறுபதுகள் முழுக்க அந்தப் பிரிவு செய்தது ஒரே மாதிரியான வேலை. காயத்தில் பஞ்சைத் தடவி எடுத்து, தட்டில் வளர்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று குறித்து வைப்பது. ஒவ்வொரு நோயாளிக்கும், ஒவ்வொரு கட்டு மாற்றும்போதும். சோப்புப் போட்டுக் கை கழுவினால் எத்தனை கிருமி போகிறது, எத்தனை மிஞ்சுகிறது என்பதைக்கூட அளந்து 1964இல் வெளியிட்டார்கள். யாருக்காவது இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் ஆறு மாதத்தில் ராஜினாமா எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தக் குறிப்பேடுகள் இருந்ததால்தான் 1969இல் நடந்ததை அவர்களால் பார்க்க முடிந்தது.

அறுபதுகளின் கடைசியில் கார்பெனிசிலின் வந்திருந்தது. பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் சூடோமோனஸைக் கொல்லத் தெரிந்த முதல் மருந்து. தீக்காயக்காரர்களுக்கு வராது வந்த மாமணி. இரத்தத்தில் கிருமி ஏறி, போய்விடுவார் என்று கைவிட்டவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பர்மிங்ஹாமிலும் தாராளமாகக் கொடுத்தார்கள்.

1969 மார்ச் வாக்கில் கார்பெனிசிலினுக்குக் கொஞ்சமும் மசியாத சூடோமோனஸ் வார்டில் தென்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்ட எதிர்ப்பு அல்ல, ஒரே அடியாக மிகப் பெரிய எதிர்ப்பு. ஒரே கிருமிக் குடும்பம் பெருகிப் படுக்கைக்குப் படுக்கை தாவியிருந்தால் புரிந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றுக்கொன்று உறவில்லாத வெவ்வேறு வகை சூடோமோனஸ்கள் ஒரே சமயத்தில் ஒரே எதிர்ப்பைப் பெற்றிருந்தன. அதுமட்டுமில்லை. கார்பெனிசிலினை எதிர்த்தவை எல்லாம் டெட்ராசைக்ளினையும் கனமைசினையும் சேர்த்தே எதிர்த்தன. மூன்று மருந்துக்கும் ஒரே சாவிக்கொத்து.

சாவிக்கொத்து என்று சொன்னது கிட்டத்தட்ட உண்மை. பாக்டீரியாவுக்குள் அதன் சொந்த மரபணுத் தொகுதி போக, சின்ன வளையம் மாதிரி தனியாக டி.என்.ஏ. மிதப்பதுண்டு. அதற்குப் பெயர் பிளாஸ்மிட். ஒரு பாக்டீரியா இன்னொன்றைத் தொட்டு, அந்த வளையத்தில் ஒரு பிரதியைக் கொடுத்துவிடும். அம்மா பிள்ளைக்குக் கொடுப்பது இல்லை இது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது. இப்படி எதிர்ப்பு கைமாறும் என்பதை ஜப்பானியர்கள் வயிற்றுப்போக்குக் கிருமிகளில் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். பர்மிங்ஹாமில் அது சாதி விட்டுச் சாதி தாண்டியது. குடலில் வாழும் ஈ.கோலை, கிளெப்சியல்லா இவற்றுக்கும் நீரில் வாழும் சூடோமோனஸுக்கும் இடையே வளையம் போய் வந்தது. 1971இல் லோபரி குழு இதை லான்செட்டில் எழுதியது. எலியின் தீக்காயத்தில் இரண்டு கிருமிகளையும் ஒன்றாக விட்டுப் பார்த்தபோது அங்கேயும் எதிர்ப்பு கைமாறியது. ஆய்வகத் தட்டில் மட்டும் நடக்கிற வித்தை இல்லை, வெந்த தோலே சந்தை.

இதில் உறைக்கிற விஷயம் ஒன்று உண்டு. கார்பெனிசிலினை நீங்கள் தொடவே வேண்டாம். யாரோ ஒரு நோயாளிக்கு வேறு எதற்கோ டெட்ராசைக்ளின் கொடுத்தாலே போதும். சாவிக்கொத்து வைத்திருக்கும் கிருமி பிழைக்கும், மற்றவை சாகும். கார்பெனிசிலின் எதிர்ப்பும் கூடவே இலவசமாகப் பிழைத்துக்கொள்ளும்.

கார்பெனிசிலினை நிறுத்தினார்கள். எதிர்ப்பைக் கடத்தும் கிருமிகள் கொஞ்ச காலத்தில் மருத்துவமனையைவிட்டு விலகின. அதையும் எண்ணிப் பார்த்து 1972இல் எழுதினார்கள். என் பார்வையில் அந்தப் பிரிவு எழுதியதிலேயே முக்கியமான கட்டுரை அதுதான். புது மருந்து கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இங்கே நம் ஊரில் சளிக் காய்ச்சலுக்கு கிளினிக் போய், ஆண்டிபயாடிக் எழுதித் தராத டாக்டரை 'அவருக்கு ஒண்ணும் தெரியல' என்று சொல்லிவிட்டு அடுத்த கிளினிக் தேடும் ஆட்களிடம் இந்தக் கட்டுரையை எப்படி விளக்குவது?

அந்த வளையத்துக்கு ஒரு பின்கதை இருக்கிறது. பர்மிங்ஹாம் நோயாளிகளின் காயங்களிலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மிட்களுக்கு ஆர்.பி.1, ஆர்.பி.4, ஆர்.கே.2 என்று பெயர் வைத்தார்கள். வெவ்வேறு கிருமிகளிலிருந்து எடுத்தவை, ஆனால் ஏறக்குறைய ஒன்றேதான். 1994இல் முழுதாகப் படித்தபோது 60,099 எழுத்துகள். எந்தப் பாக்டீரியாவுக்குள்ளும் சுலபமாக நுழையும் அதன் குணம் விஞ்ஞானிகளுக்குப் பிடித்துப்போயிற்று. மரபணுவை ஒரு உயிரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக அதன் பாகங்களைப் பிரித்துக் கருவியாக்கினார்கள். செடிகளில் மரபணு மாற்றம் செய்யப் பயன்பட்ட புகழ்பெற்ற கடத்திகளில்கூட ஆர்.கே.2வின் ஒரு துண்டு இருக்கிறது. உலகம் முழுக்க உறைபெட்டிகளில் சின்னக் குப்பிகளாக அது இருக்கிறது. யாருடைய காயத்திலிருந்து வந்தது என்று எந்தக் குப்பியிலும் எழுதியிருக்காது.

*

பர்மிங்ஹாமை விட்டுக் கொஞ்சம் பாஸ்டன் போய்வரலாம். ஆண்டிபயாடிக்கின் ஆரம்பமும் முடிவும் ஒரே கட்டடத்துக்குள் நடந்த ஊர் அது.

1942 நவம்பர் 28, கோகனட் குரோவ் என்ற இரவு விடுதியில் தீ. 492 பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் ஒரு பகுதியை மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பென்சிலின் அப்போது பொதுமக்களுக்குக் கிடையாது. மெர்க் நிறுவனம் நியூ ஜெர்சியிலிருந்து 32 லிட்டர் பென்சிலின் கரைசலை போலீஸ் பாதுகாப்போடு ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவைத்தது. பென்சிலின் பற்றிய எந்தப் புத்தகத்திலும் இந்தக் காட்சி வந்துவிடும். சினிமா மாதிரி இருக்கிறது இல்லையா, அதனால். உண்மையில் கொடுத்த அளவு மிகக் குறைவு, சல்ஃபா மருந்தும் கூடவே போனது. பென்சிலின்தான் காப்பாற்றியது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

1965இல் செயின்ட் லூயிஸ் நகரத்து மோயர் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், வெள்ளி நைட்ரேட் கரைசலில் கட்டுத்துணியை நனைத்துப் போட்டால் தீக்காயத்தில் கிருமி அண்டாது என்று காட்டினார். அரை சதவீதக் கரைசல். தொட்ட இடமெல்லாம் கறுத்துப்போகும். படுக்கை விரிப்பு, தரை, தாதிகளின் நகம் எல்லாம் கறுப்பு. ஆனால் வேலை செய்தது. சில ஆண்டுகளில் வெள்ளியையும் சல்ஃபா மருந்தையும் சேர்த்த வெள்ளைக் களிம்பு வந்தது. இன்றுவரை உலகெங்கும் தீக்காயத்துக்குப் பூசுவது பெரும்பாலும் அதைத்தான். வெள்ளி ஆண்டிபயாடிக் இல்லையே, உலோகமாயிற்றே, அதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்ற நம்பிக்கை இருந்தது.

அதே மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தீக்காய வார்டு. 1975இல் அங்கிருந்து வந்த அறிக்கை: வெள்ளி நைட்ரேட்டுக்கும் குளோராம்ஃபெனிக்காலுக்கும் ஆம்பிசிலினுக்கும் சேர்த்து மசியாத சால்மோனெல்லா கிருமி. சாப்பாட்டில் வரும் கிருமி, தீக்காய வார்டில். மூன்று நோயாளிகள் இறந்தார்கள். வார்டையே மூட வேண்டியதாயிற்று. இங்கேயும் குற்றவாளி ஒரு பிளாஸ்மிட்தான். வெள்ளி உள்ளே வர வர வெளியே தள்ளிவிடும் மரபணுக்கள் அதில் இருந்தன. அவற்றை 1999இல் படித்து வெளியிட்ட குழுவின் தலைவர் பெயர் சைமன் சில்வர். ஆமாம், பெயரே வெள்ளிதான். கதை எழுதுகிறவன் இப்படி ஒரு பெயர் வைத்தால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

பர்மிங்ஹாம்காரர்களும் எழுபதுகளில் அந்த வெள்ளைக் களிம்பைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். களிம்பில் இருந்த சல்ஃபாவுக்கு எதிர்ப்பு பெருகியது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். களிம்பை நிறுத்தினார்கள்.

*

அப்படியென்றால் எது வேலை செய்தது? இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் பாதி மருந்தே இல்லை.

யூகோஸ்லாவியாவில், இன்றைய ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரில், சோரா யன்செகோவிச் என்ற பெண் அறுவைச் சிகிச்சை நிபுணர் இருந்தார். செத்த தோல் தானாக உரிந்து விழட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் அன்றைய வழக்கம். அந்த வாரங்கள்தான் கிருமியின் அறுவடைக் காலம். யன்செகோவிச் காத்திருக்கவில்லை. முதல் சில நாட்களிலேயே செத்த தோலைக் கத்தியால் மெல்லிய அடுக்கு அடுக்காகச் சீவி, இரத்தம் கசியும் உயிருள்ள தசை தெரிந்ததும் நிறுத்தி, உடனே தோல் ஒட்டினார். 1970இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிருமிக்கு விருந்தே இல்லையென்றால் எந்த எதிர்ப்பை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? இன்றைய தீக்காயச் சிகிச்சையின் அடிப்படை அதுதான்.

தடுப்பூசியும் ஒரு வழியாக இருந்தது. பர்மிங்ஹாம் பிரிவைச் சேர்ந்த ஜோன்ஸும் ரோவும் சூடோமோனஸுக்கு ஒரு தடுப்பூசி செய்தார்கள். அதைச் சோதிக்க அவர்கள் போனது டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனைக்கு. இங்கிலாந்தில் தீக்காயம் குறைந்துகொண்டிருந்தது. டெல்லியில் அப்படியில்லை. மண்ணெண்ணெய் அடுப்பு, தரையில் உட்கார்ந்து சமைக்கும் பெண்கள், நைலான் புடவை. அடுப்பு வெடித்தது என்று பதிவேட்டில் எழுதப்படும் எல்லாமே அடுப்பு வெடித்ததுதானா என்பது தனிக் கேள்வி. தடுப்பூசி போட்டவர்களில் சாவு குறைந்தது. 1979இல் முடிவுகள் லான்செட்டில் வந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சூடோமோனஸுக்கு இன்னும் சந்தையில் ஒரு தடுப்பூசி இல்லை. அந்தப் பெண்களின் உடம்பில் கிடைத்த விடையை எடுத்துக்கொண்டு போய் முடிக்க யாருக்கும் அவசரம் இல்லை போலிருக்கிறது.

மூன்றாவது பதில் கோல்புரூக்கினுடையது. வார்டில் படுத்திருந்த குழந்தைகளில் பலர் ஒரே மாதிரி வந்து சேர்ந்ததை அவர் பார்த்திருந்தார். குளிர்நாட்டு வீடு. மறைப்பு இல்லாத கணப்பு. பருத்தியில் தைத்த தளதளவென்ற இரவு உடை போட்ட சிறுமி குளிர்காய நெருங்குகிறாள். ஓரம் பற்றிக்கொள்கிறது. மனித குலத்துக்கு முதல் சல்ஃபா மருந்தை நம்பவைத்த ஆள், அறுபது வயதுக்குமேல், கணப்புக்கு முன்னால் கம்பி வலை வைக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கும் பாராளுமன்றத்துக்கும் எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் அலைந்தார். 1952இல் சட்டம் வந்தது. வலை இல்லாத கணப்பை விற்கக் கூடாது. குழந்தைகளின் இரவு உடை சுலபமாகத் தீப்பிடிக்கக் கூடாது என்ற விதி 1964இல் வந்தது. அவர் 1967இல் இறந்தார். புரோன்டோசில் மருந்துக்கடையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. கம்பி வலைக்கு எதிர்ப்பு பெற்ற நெருப்பு இன்னும் பிறக்கவில்லை.

நம் வீடுகளில் சுட்ட இடத்தில் கிச்சாப் தடவுவதும் பற்பசை பூசுவதும் இன்னும் நடக்கிறது. 'எரிச்சல் அடங்கும் பாரு' என்பார்கள் பாட்டிமார்கள். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுவதுதான் முதலுதவி. அதுவும் மருந்து இல்லைதான்.

*

பாலிமிக்சினை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று எழுபதுகளில் டாக்டர்கள் அதை ஓரம் கட்டினார்கள். புதுப் புது மருந்துகள் வந்துகொண்டிருந்த காலம், கவலையில்லை. பிறகு புது மருந்துகளின் வரத்து குறைந்தது. ஈராக்கிலும் ஆஃப்கானிஸ்தானிலும் காயம்பட்ட சிப்பாய்களோடு அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு ஈரவாசி ஊருக்கு ஊர் பயணம் போனது. அநேகமாக எதற்கும் மசியாது. வேறு வழியில்லாமல் டாக்டர்கள் அலமாரியின் பின்பக்கம் கைவிட்டு எடுத்தது பாலிமிக்சின் குடும்பத்துக் கொலிஸ்டினை. லோபரி முதல் ஆயுதங்களில் ஒன்றாகப் பூசிய மருந்து இப்போது கடைசி ஆயுதம். சீனாவில் பன்றிகளுக்கு அதைத் தீவனத்தில் போட்டார்கள். 2015 நவம்பரில், கொலிஸ்டின் எதிர்ப்பைத் தூக்கிக்கொண்டு திரியும் ஒரு பிளாஸ்மிட் அங்கே பன்றிகளிலும் நோயாளிகளிலும் இருப்பதாகச் செய்தி வந்தது.

பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களைத் தீக்காயத்தில் விட்டுப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. பிரான்சும் பெல்ஜியமும் சேர்ந்து 27 நோயாளிகளிடம் செய்தார்கள். சேமிப்பில் இருந்த கலவை வீரியம் இழந்து, நினைத்ததைவிட மிகக் குறைந்த அளவுதான் காயத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வெள்ளைக் களிம்பே வேகமாக வேலை செய்தது. பாதியில் நிறுத்தினார்கள். முடிந்துபோன வழி என்று சொல்ல முடியாது, சரியாகத் தொடங்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனையை 1993இல் மூடிவிட்டார்கள். லோபரி 2007இல் காலமானார். அந்த நகரின் தீக்காயக்காரர்கள் இப்போது போவது 2010இல் திறந்த குயின் எலிசபெத் மருத்துவமனைக்கு. பளபளவென்று புதுக் கட்டடம். திறந்த மறு ஆண்டே, போரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிப்பாயோடு அசினெட்டோபாக்டர் உள்ளே வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்துத் தடம் பிடித்துப் போனபோது, ஒரு கட்டிலும் தீக்காய அறுவை அரங்கமும் கிருமியைக் கைமாற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது.

சூடோமோனஸையும் தேடினார்கள். 30 தீக்காயக்காரர்களை வந்த நாளிலிருந்து பின்தொடர்ந்து, காயத்திலிருந்தும் தண்ணீரிலிருந்தும் குழாயிலிருந்தும் பஞ்சில் தடவி எடுத்து, லோபரி செய்த அதே வேலையை, இந்த முறை டி.என்.ஏ. எழுத்துகளை வைத்துச் செய்தார்கள். 2014இல் வெளிவந்தது. 5 பேருக்குத் தொற்றியிருந்தது. சிலர் காயத்தில் இருந்த கிருமியும் காயம் கழுவும் ஷவர் அறைத் தண்ணீரில் இருந்த கிருமியும் ஒன்றே. எங்கிருந்து வருகிறது என்று குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். சுடுநீரையும் பச்சைத் தண்ணீரையும் அளவாகக் கலந்து, வெந்த தோலை மேலும் சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன வால்வு ஒன்று இருந்தது. அதன் உள்பக்கம் வழுவழுவென்று ஒரு படலம் படிந்திருந்தது.